வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? லைன் மட்டும் காரணம் இல்லை: வலைப்பக்கத்தைத் தயாரிக்கும் வேலை உங்கள் போனுக்கு வந்த கதை

லிங்க்கைத் தட்டுகிறீர்கள். தளத்தின் பெயர் மேலே வந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வெள்ளைத் திரை, நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம். "லைன் சரியில்லப்பா" என்று சொல்லிவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறோம்.

லைன் காரணமாக இருக்கலாம். ஆனால் அதே இடத்தில், அதே போனில் வாட்ஸ்அப் மெசேஜ் போகிறது, வேறொரு தளம் சட்டென்று திறக்கிறது என்றால் லைனை மட்டும் திட்டுவதில் பயனில்லை. அந்தப் பக்கத்தை எங்கே தயாரிப்பது, நிறுவனத்தின் சர்வரிலா உங்கள் போனில் இருக்கும் பிரவுசரிலா என்று தளத்தைக் கட்டியவர்கள் எப்போதோ ஒரு முடிவு எடுத்திருப்பார்கள். அந்த முடிவின் விலையை இப்போது நீங்கள் கொடுக்கிறீர்கள்.

மலாக்காவின் வடமேற்கு ஓரத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டி இருக்கும் லூபோக் சீனாவை எடுத்துக்கொள்வோம். பக்கத்து எஸ்டேட்டில் ஐந்தாம் படிவம் முடித்த ஒரு மாணவி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று இரவு 11.59 கடைசி நேரம். வீட்டில் இருப்பது அப்பாவின் பழைய போன், ப்ரீபெய்ட் டேட்டா, வீட்டுக்குள் ஒன்றிரண்டு கோடு சிக்னல். கோலாலம்பூர் அலுவலகத்தில் புது லேப்டாப்பில் ஒரு நொடியில் திறக்கும் அதே பக்கம் அவளுக்கு எத்தனை நொடியில் திறக்கும்?

சமைத்த பொட்டலமா, ரைஸ் குக்கரா?

முதலில் டெம்ப்ளேட் என்றால் என்ன என்று பார்ப்போம். கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் மணமக்கள் பெயர், தேதி, மண்டபம் ஆகியவற்றுக்கு இடம் விட்டு ஒரு மாதிரி வைத்திருப்பார்கள் அல்லவா? வலைத்தளங்களும் அப்படித்தான் இயங்குகின்றன. தலைப்பு இங்கே, படம் இங்கே, தேதி இங்கே என்று இடம் விட்ட மாதிரிதான் டெம்ப்ளேட். அதில் தரவை நிரப்பி முழுப் பக்கமாக்குவதை ரெண்டரிங் என்கிறார்கள்.

இந்த வேலையைச் சர்வர் செய்தால், கடையில் நாசி லெமாக் பொட்டலம் வாங்குவது போல. சமைத்து, மடித்து, கையில் தருகிறார்கள். பிரித்தால் சாப்பிடலாம்.

பிரவுசர் செய்தால் கதை வேறு. கடைக்காரர் முதல் நாள் உங்கள் வீட்டுக்கு ரைஸ் குக்கர், சட்டி, சமையல் குறிப்பு எல்லாவற்றையும் அனுப்பிவிடுகிறார். இதுதான் ஜாவாஸ்கிரிப்ட். அடுத்த நாளிலிருந்து அரிசியும் நெத்திலியும் சம்பலும் மட்டும் வரும். அது ஜேசன் எனப்படும் வெறும் தரவு. அடுப்பு உங்களுடையது, கேஸும் உங்களுடையது.

தினமும் சாப்பிடுபவருக்கு இந்த ஏற்பாடு கட்டுப்படியாகும். ஒரே ஒரு நாள் பசிக்கு வந்தவருக்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கூகுளின் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி மொபைல் பக்கங்களைச் சோதிக்கும்போது ஒரு சுமாரான 4ஜி இணைப்பைப் பாவனை செய்கிறது. வேகம் நொடிக்கு 1.6 மெகாபிட், ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்பி வர 150 மில்லிநொடி. அதாவது நொடிக்கு 200 கிலோபைட் இறங்கும். அதையே நம் மாணவியின் லைனாக வைத்துக்கொள்வோம். மற்ற எண்கள் என் உதாரணம்தான். சர்வர் பக்கத்திலும் இருக்கக்கூடிய கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டைக் கணக்கு எளிதாக இருக்க விட்டுவிடுகிறேன்.

இரண்டு முறைக்கும் பொதுவான செலவு ஒன்று உண்டு. தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு நடை, இணைப்பு ஏற்படுத்த ஒரு நடை, அதைப் பாதுகாப்பாக்க ஒரு நடை, பக்கத்தைக் கேட்க ஒரு நடை. நான்கு முறை 150, ஆக 0.6 நொடி. பைட் ஒன்றும் வருவதற்கு முன்பே இது போய்விடும்.

சர்வர் தயாரிக்கும் பக்கம் என்றால் சமையலுக்கு 0.3 நொடி, 30 கிலோபைட் பக்கம் இறங்க 0.15 நொடி, அழகுபடுத்தும் சிஎஸ்எஸ் கோப்புக்கு ஒரு கால் நொடி. மொத்தம் சுமார் 1.3 நொடியில் எழுத்து கண்ணில் படும்.

பிரவுசர் தயாரிக்கும் பக்கம் என்றால் முதலில் வருவது ஏறக்குறையக் காலியான எச்டிஎம்எல். அதைப் படித்த பிறகுதான் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும் என்று பிரவுசருக்குத் தெரியும். அது சுருக்கிய நிலையில் 500 கிலோபைட் என்றால் கேட்டு வாங்க 2.65 நொடி. பழைய போன் அதை விரித்து, புரிந்து, ஓட்ட இன்னொரு நொடி. அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்ட் "தரவு கொடு" என்று சர்வரைக் கேட்கும். அதற்கு அரை நொடி. டெம்ப்ளேட்டில் நிரப்பிக் காட்ட இன்னும் கொஞ்சம். கூட்டினால் 5 நொடி.

1.3-க்கும் 5-க்கும் உள்ள இந்த வித்தியாசத்தில் முக்கியமான விஷயம், வேலைகள் ஒன்றன் பின் ஒன்றாக மாட்டிக்கொண்டு நிற்பதுதான். எச்டிஎம்எல் வராமல் ஜாவாஸ்கிரிப்ட் இல்லை, ஜாவாஸ்கிரிப்ட் ஓடாமல் தரவு இல்லை, தரவு வராமல் படங்களின் முகவரிகூடத் தெரியாது. பயனர் விவரம் வந்த பிறகு விண்ணப்பப் பட்டியல், அது வந்த பிறகு படிவம் என்று மூன்று கேள்விகள் வரிசையில் நின்றால், நடைச் செலவு மட்டுமே 450 மில்லிநொடி. சர்வரில் இதே மூன்று கேள்விகள் பக்கத்தில் இருக்கும் தரவுத்தளத்துக்குப் போய் வர ஒரு சில மில்லிநொடிதான் ஆகும்.

சரி, இரண்டாவது பக்கம்? குக்கர் வீட்டுக்கு வந்துவிட்டது, இனி வேகம்தானே? இங்கேதான் எனக்கே ஆச்சரியம். இதே எண்களில் பிரவுசர் முறைக்கு அடுத்த பக்கம் சுமார் 0.6 நொடி. சர்வர் முறைக்கும் அதே 0.6 நொடிதான். இணைப்பு ஏற்கனவே திறந்திருக்கிறது, சிஎஸ்எஸ் போனில் சேமிப்பில் இருக்கிறது. மிச்சமாவது டேட்டா: 30 கிலோபைட்டுக்குப் பதிலாக 10 கிலோபைட், பக்கத்துக்கு 20 மிச்சம். முதலில் போட்ட 500 கிலோபைட் முதலீடு திரும்பி வர 25 பக்கம் பார்க்க வேண்டும். அதற்குள் அந்தத் தளத்தின் டெவலப்பர் புதுப் பதிப்பு வெளியிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பின் பெயர் மாறும், குக்கரை மறுபடி இறக்கவேண்டும்.

மின்னஞ்சலில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர் 25 பக்கத்தை மதியத்துக்குள் தாண்டிவிடுவார். செய்தி படிக்க வருபவர், படிவம் நிரப்ப வருபவர்? இரண்டு மூன்று பக்கத்தில் போய்விடுவார்.

அப்படியானால் ஏன் மாற்றினார்கள்?

காரணம் இல்லாமல் இல்லை. 2004 ஏப்ரலில் ஜிமெயில் வந்தபோது ஒவ்வொரு கிளிக்குக்கும் முழுப் பக்கமும் மறுபடி வராமல் தேவையான பகுதி மட்டும் மாறியது மக்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த ஆண்டு கூகுள் மேப்ஸ். வரைபடத்தை விரலால் இழுக்க இழுக்கச் சர்வரிடம் முழுப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. இதுபோன்ற வேலைகளுக்குப் பிரவுசரில் தயாரிப்பதுதான் பொருத்தம்.

லிங்க்ட்இன் 2011-இல் டஸ்ட் என்ற டெம்ப்ளேட் மொழிக்கு மாறியதன் காரணம் இன்னும் சுவாரசியமானது. அந்நிறுவனத்தின் பக்கங்கள் பல்வேறு சர்வர் தொழில்நுட்பங்களில் எழுதப்பட்டிருந்தன. ஒரே பெட்டி இரண்டு பக்கத்தில் வரவேண்டும் என்றால் இரண்டு முறை எழுத வேண்டும். சர்வர்கள் ஜேசன் மட்டும் அனுப்பட்டும், டெம்ப்ளேட் பிரவுசரில் ஓடட்டும் என்று முடிவு செய்தார்கள். ஒருமுறை இறங்கிய டெம்ப்ளேட் போனிலேயே சேமிப்பில் இருக்கும், சர்வரின் சுமையும் குறையும். ஆனாலும் தேடுபொறிகளுக்காகவும் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத பிரவுசர்களுக்காகவும் அதே டெம்ப்ளேட்டைச் சர்வரில் ஓட்டும் வழியையும் அவர்கள் விட்டுவிடவில்லை.

ட்விட்டர் போன வழி அதிரடியானது. 2010 செப்டம்பரில் அறிமுகமான புதிய ட்விட்டர் பெரும்பாலும் பிரவுசரிலேயே தயாரானது. முகவரிகளில் #! என்ற குறி வந்தது நினைவிருக்கலாம். முகவரியில் # குறிக்குப் பிறகு வரும் பகுதியைப் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. அதனால் நீங்கள் எந்த ட்வீட்டைக் கேட்கிறீர்கள் என்பதே சர்வருக்குத் தெரியாது. முதலில் ஜாவாஸ்கிரிப்டை அனுப்பு, அது போனில் ஓடிக் கண்டுபிடிக்கட்டும், பிறகு திரும்பி வந்து கேட்கட்டும் என்ற நிலை.

2012 மே மாதம் ட்விட்டர் மனம் மாறியது. அவர்கள் அளந்தது ஒரு எளிய அளவு: கிளிக் செய்ததிலிருந்து முதல் ட்வீட் கண்ணில் படும் வரை எவ்வளவு நேரம். ரெண்டரிங் வேலையைச் சர்வருக்கே திருப்பி எடுத்துக்கொண்டதோடு சில மாற்றங்களும் செய்து, முதல் பக்கம் திறக்கும் நேரத்தை முன்பிருந்ததில் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்ததாக அறிவித்தார்கள். 140 எழுத்தைக் காட்டத்தான் இத்தனை பாடு என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டலில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இதற்கு இடையில் 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் காக்கர் குழுமத் தளங்கள் இதே #! பாணிக்கு மாறிய புதிதில், ஜாவாஸ்கிரிப்டில் ஏற்பட்ட ஒரு கோளாறால் எல்லாத் தளங்களும் ஒரே நேரத்தில் காலியாக நின்றன. கட்டுரைகள் சர்வரில் பத்திரமாகத்தான் இருந்தன. காட்டுவதற்கு ஆள் இல்லை.

தமிழுக்குக் கூடுதல் சுமை

ஆங்கிலத்தில் எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது.

இணையத்தில் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள், ஆக 15 பைட். அதையே ஆங்கில எழுத்தில் எழுதினால் 5 பைட்.

பிரவுசரில் தயாரிக்கும் முறையில் இந்தத் தமிழ் ஜேசனாக வரும். பிஎச்பி, பைத்தான் இரண்டிலும் ஜேசன் உருவாக்கும் வழக்கமான கட்டளை, நாம் வேண்டாம் என்று சொல்லாவிட்டால், ஆங்கிலம் அல்லாத ஒவ்வொரு குறியீட்டையும் பின்சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என ஆறு எழுத்தாக மாற்றிவிடும். "தமிழ்" இப்போது 30 பைட். அனுப்பும்போது ஜிசிப் சுருக்கம் இதில் பெரும் பகுதியைக் குறைத்துவிடும், உண்மைதான். ஆனால் போனுக்குள் வந்ததும் விரித்துப் படிக்க வேண்டியது முழு அளவைத்தான். ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் தீர்கிற விஷயம் இது. கவனிப்பவர்கள் குறைவு.

எழுத்துருவிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தளம் தனக்கென்று ஒரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தால், பிரவுசர் அதை உடனே இறக்காது. பக்கத்தில் உண்மையாகவே தமிழ் எழுத்து இருப்பதைப் பார்த்த பிறகுதான் இறக்கும். சர்வர் அனுப்பிய பக்கத்தில் தமிழ் முதலிலேயே இருக்கிறது, எழுத்துரு சீக்கிரம் கிளம்பிவிடும். பிரவுசரில் தயாராகும் பக்கத்தில் ஐந்தாவது நொடியில்தான் முதல் தமிழ் எழுத்து பிறக்கிறது. எழுத்துரு கிளம்புவதும் அப்போதுதான். முன்கூட்டியே இறக்கச் சொல்லியோ, அதுவரை போனில் உள்ள எழுத்துருவில் காட்டச் சொல்லியோ வைக்காவிட்டால், தரவு வந்த பிறகும் கொஞ்ச நேரம் வெற்றிடம்தான்.

தமிழ் வாசகர்களுக்கு இது ஒருவகையில் பழைய கதை. 1990-களில் தமிழ்த் தளத்தைப் படிக்க முதலில் அந்தத் தளத்தின் எழுத்துருவை இறக்கிக் கணினியில் போட வேண்டும். போடாதவருக்கு வெறும் கிறுக்கல். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறியீட்டு முறை. முரசு அஞ்சலை உருவாக்கிய நம் நாட்டு முத்து நெடுமாறன் போன்றவர்களின் பல வருட உழைப்பும் யூனிகோடும் சேர்ந்துதான் அந்தச் சுமையை வாசகரின் தலையிலிருந்து இறக்கின.

பிரவுசர் ஜெயிக்கும் இடங்கள்

ஃப்ளிப்கார்ட் உதாரணத்தைச் சொல்லாவிட்டால் கட்டுரை ஒருதலையாகிவிடும். பெங்களூரைச் சேர்ந்த இந்த நிறுவனம் 2015-இல் தன் மொபைல் வலைத்தளத்தை மூடிவிட்டு, எல்லாரும் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றது. அதே ஆண்டு நவம்பரில் ஃப்ளிப்கார்ட் லைட் என்ற பெயரில் வலைக்குத் திரும்பியது. அதைப் பயன்படுத்தியவர்களில் 63 சதவீதம் பேர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள். பக்கத்தின் கூட்டை ஒருமுறை இறக்கிப் போனிலேயே வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து தரவை மட்டும் வாங்கும் ஏற்பாடு அது. செயலியைவிட மூன்று மடங்கு குறைவான டேட்டா செலவானது என்றும், மக்கள் தளத்தில் செலவிட்ட நேரம் மூன்று மடங்கானது என்றும் கூகுள் வெளியிட்ட ஆய்வு சொன்னது. அடிக்கடி வருபவர்கள், பல பக்கம் புரட்டுபவர்கள். அங்கே கூடு கனமில்லாமல் இருந்தால் குக்கர் முதலீடு பலித்துவிடும்.

கூட்ட நெரிசலிலும் பிரவுசர் முறைக்கு ஓர் அனுகூலம் உண்டு. கடைசி நாள் இரவு ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்தால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பக்கம் சமைக்கும் சர்வர் திணறும். காலிக் கூடு எல்லாருக்கும் ஒன்றுதான், அதைப் பல ஊர்களில் இருக்கும் சிடிஎன் கிடங்குகளே கொடுத்துவிடும். ஆனால் தரவு கேட்கும் வாசலும் நெரிந்தால் கூடு மட்டும் வந்து வட்டம்தான் சுற்றும். செய்திக் கட்டுரை மாதிரி எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும் பக்கத்தைச் சர்வர் ஒருமுறை சமைத்துக் கிடங்கில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

படிவத்திலும் அப்படித்தான். நிரப்பிக்கொண்டிருக்கும்போது லைன் போனால், எழுதியதைப் போனிலேயே பத்திரப்படுத்தி வைக்க ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். நம் மாணவிக்கு அது பெரிய உதவி. ஆனால் படிவம் திரையில் தோன்றுவதே ஜாவாஸ்கிரிப்டை நம்பி இருக்கக் கூடாது. பிரிட்டிஷ் அரசின் டிஜிட்டல் பிரிவு 2013-இல் தன் தளத்தில் அளந்து பார்த்தபோது 1.1 சதவீதம் பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வரவேண்டியது போய்ச் சேரவில்லை. அவர்களில் வேண்டுமென்றே அதை நிறுத்தி வைத்தவர்கள், அல்லது அந்த வசதியே இல்லாத பிரவுசர் வைத்திருந்தவர்கள் 0.2 சதவீதம் மட்டும். மிச்சம் 0.9 சதவீதத்தினருக்கு வேறு ஏதோ நடந்திருக்கிறது: பாதியில் அறுந்த இணைப்பு மாதிரியான காரணங்கள். நூறில் ஒருவர் என்பது சின்ன எண்தான், அந்த ஒருவர் நீங்களாக இல்லாத வரை.

இரட்டைச் சமையல்

இப்போது பல தளங்கள் இரண்டையும் கலக்கின்றன. சர்வர் முழுப் பக்கத்தைச் சமைத்து அனுப்பும், கூடவே அதே தரவையும் ஜாவாஸ்கிரிப்டையும் அனுப்பும், பிரவுசர் மறுபடி எல்லாவற்றையும் ஓட்டிப் பொத்தான்களுக்கு உயிர் கொடுக்கும். இதற்கு ஹைட்ரேஷன் என்று பெயர். எழுத்து சீக்கிரம் தெரிகிறது, சந்தோஷம். ஆனால் "அனுப்பு" பொத்தானைத் தட்டினால் இரண்டு மூன்று நொடிக்கு ஒன்றும் நடக்காது. பார்க்கத் தயார், பயன்படுத்தத் தயாரில்லை. வெள்ளைத் திரையாவது உண்மையைச் சொன்னது.

நெட்ஃபிளிக்ஸ் தன் தளத்தில் உள்நுழையாதவர்கள் பார்க்கும் முகப்புப் பக்கத்தில் இதைச் சரிசெய்தது. ரியாக்ட் என்ற நூலகத்தைச் சர்வரில் மட்டும் வைத்துக்கொண்டு பிரவுசருக்கு அனுப்புவதை நிறுத்தியது. 200 கிலோபைட்டுக்கு மேல் குறைந்தது, பக்கம் பயன்படுத்தத் தயாராகும் நேரம் பாதியானது. உள்ளே போய்ப் படம் தேடும் பகுதிக்கு அவர்கள் பிரவுசர் முறையையே வைத்துக்கொண்டார்கள். ஒரே நிறுவனம், இரண்டு பக்கம், இரண்டு முடிவு.

5ஜி வந்தாச்சே, இன்னும் இதெல்லாம் தேவையா?

2021 இறுதியில் நம் நாட்டில் 3ஜி நிறுத்தப்பட்டது, அதே டிசம்பரில் 5ஜி தொடங்கியது. இறக்கும் நேரம் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒரு நொடி போனின் சிப் செலவழித்தது. டவரை மாற்றினால் அது குறையாது, போனை மாற்றினால்தான் குறையும். சர்வரை வேகமாக்கும் செலவு நிறுவனத்துடையது. போனை வேகமாக்கும் செலவு லூபோக் சீனாவில் இருக்கும் அப்பாவுடையது.

கூகுள் ஒரு பக்கத்தை "நன்று" என்று சொல்ல வைத்திருக்கும் அளவு, முக்கியமான உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தட்டினால் 200 மில்லிநொடிக்குள் பதில் வர வேண்டும். அதுவும் சராசரியில் இல்லை, நூறு வருகையில் 75-க்கு.

யூடெம், எம்எம்யூ, பாலிடெக்னிக் என்று மலாக்காவில் ஐடி படிப்பவர்களும், கோயில் திருவிழாவுக்கோ இளைஞர் மன்றத்துக்கோ தளம் கட்டிக்கொடுப்பவர்களும் இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கணினியில் குரோமில் பக்கத்தைத் திறந்து எஃப்12 தட்டுங்கள். நெட்வொர்க் பகுதியில் 'ஸ்லோ 4ஜி', பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறையுங்கள். பிறகு பக்கத்தைப் புதுப்பித்துவிட்டு எண்ணுங்கள்.

இன்னும் எளிய சோதனை வேண்டுமா? கன்ட்ரோலும் யுவும் சேர்த்துத் தட்டினால் சர்வர் அனுப்பிய மூலம் அப்படியே தெரியும். அதில் தலைப்பிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடுங்கள். ஓர் இடத்தில் தமிழாகவே கிடைத்தால் சர்வர் சமைத்த பக்கம். எங்கேயும் இல்லை என்றால் உங்கள் போன் சமைக்கிறது. மேலே ஒருமுறை தமிழாக, கீழே நீளமான ஜேசன் கட்டுக்குள் இன்னொருமுறை பின்சாய்கோடும் எண்ணுமாக இருந்தால் இரட்டைச் சமையல். அந்தக் கட்டு எவ்வளவு நீளம் என்று மட்டும் கீழே உருட்டிப் பாருங்கள்.